அரசு போடும் 100 ரூபாய் சேலத்தில் எவ்வளவாகிறது?

ஏற்காடு மலைப்பாதையில் தடுப்புச்சுவர் கட்ட அரசு 1 கோடி ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜல்லியும் எம்-சாண்டும் சேலத்தைச் சுற்றியுள்ள குவாரிகளிலேயே கிடைக்கும். கொத்தனார், சித்தாள் கூலியும் இங்கேயே தங்கும். அதே 1 கோடியைத் தார் போடச் செலவழித்தால், தாருக்கும் டீசலுக்குமான பங்கு முதல் சுற்றிலேயே ஊரைவிட்டுப் போய்விடும்.

கூலியாகக் கைக்கு வந்த 100 ரூபாயைப் பாருங்கள். நேராகவும் விலைக்குள் ஒளிந்தும் வரி 15 ரூபாய். சேமிப்பு, சீட்டு என்று 17. மிச்சம் 68. அதில் பெட்ரோல், செல்போன், வெளியூர்ச் சரக்கு என்று 48 வெளியேறினால், டீக்கடைக்கும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கும் வந்து சேர்வது 20. அடுத்த சுற்றில் அது 4, அதற்கடுத்து 80 காசு. கூட்டினால் சேலத்துக்கு 125 ரூபாய். நாடு முழுமைக்கும் கணக்கிட்டால், வெளியூர்ச் சரக்கும் நம் நாட்டுச் சரக்குதானே. இறக்குமதிக்குப் போவது 20 மட்டும் என்று கொண்டால் சுற்றுக்கு 48 மிஞ்சும், மொத்தம் ஏறத்தாழ 192. இந்த எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. அரசு போடும் ஒரு ரூபாய் கைமாறிக் கைமாறி மொத்தம் எத்தனை ரூபாயாகிறது என்பதுதான் பெருக்கி. வாய்ப்பாடு மட்டும் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் கான் 1931இல் வகுத்தது. 1936இல் கீன்ஸ் இந்தப் பெருக்கியைத் தன் கோட்பாட்டின் நடுவில் வைத்தார்.

இந்தியாவுக்குத் தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் 2013 ஆய்வு கண்டது: சாலை, பாலம் போன்ற மூலதனச் செலவின் பெருக்கி 2.45, மானியம் போன்ற நேரடிப் பணமாற்றத்துக்கு 0.98. அதற்காக மந்த காலத்தில் உதவித்தொகை வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். வேலையிழந்த குடும்பம் பணத்தை அந்த வாரமே செலவழிக்கும். பாலமோ வரைபடத்திலேயே ஒரு வருடம் கிடக்கும்.

எங்கே கோளாறாகிறது? முதலாவது, நேரம். மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று கோப்பு நகர்வதற்குள் அக்டோபர் பிறந்தால், வடகிழக்குப் பருவமழையில் மலையில் தார் போட முடியாது. பணம் ஜனவரிக்குத் தள்ளி, மார்ச் கடைசியில் அவசர அவசரமாக இறங்கும். பில் தாமதமானால் சிறு ஒப்பந்தக்காரர் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுக்கிறார். பெருக்கியில் ஒரு பங்கு வட்டிக்கடைக்குப் போகிறது.

இரண்டாவது, சும்மா கிடக்கும் திறன். விசைத்தறி ஒரு ஷிப்டு மட்டும் ஓடும்போது கூடுதல் தேவை வந்தால் துணி கூடும். எல்லாத் தறியும் முழு ஷிப்டு ஓடும்போது வந்தால் நூல் விலையும் கூலியும்தான் கூடும். 2008 உலக நெருக்கடியின்போது மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவைவிடக் கூடுதலாகச் செலவழித்துக் கடனால் ஈடுகட்டும் தொகை, நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 2.5 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாயிற்று. அடுத்த ஆண்டு 6.5. சரிவைத் தடுத்தது உண்மை. ஆனால் மீட்சி வந்தபின்பும் செலவைக் குறைக்கத் தாமதித்தார்கள். உணவு விலையும் சேர்ந்துகொள்ள, 2010இல் பணவீக்கம் இரட்டை இலக்கம் தொட்டது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி, மார்ச் 2010இல் 4.75 சதவீதமாக இருந்தது, அக்டோபர் 2011இல் 8.5 ஆனது. கடன் வட்டி ஏறியதும் புது இயந்திரம் வாங்கும் யோசனையைப் பட்டறைக்காரர் ஒத்திப்போடுவார். அரசுச் செலவு தனியார் முதலீட்டை நெருக்குவது இப்படித்தான்.

மூன்றாவதைப் பேசுபவர் குறைவு. மத்திய அரசைப்போல மாநில அரசு விரும்பியபடி கடன் வாங்க முடியாது. மந்தத்தில் வரி குறைந்தால் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தொட இயலாது. முதலில் வெட்டுப்படுவது சாலையும் பாலமும். தேவையான நேரத்தில் பெருக்கி அதிகமுள்ள செலவே சுருங்குகிறது.

மேட்டூர் அணை வேறு வகை. 1925இல் தொடங்கி, உலகப் பெருமந்தத்தின் நடுவே 1934இல் முடிந்தது. மந்தத்துக்கு மருந்தாகத் திட்டமிட்டதல்ல. ஆனாலும் அந்த ஆண்டுகளில் கட்டுமானக் கூலியாகப் பணம் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. கூலி நின்றபின் நிலைத்தது உற்பத்தித் திறன்: டெல்டாவுக்குத் தண்ணீர், 1937 முதல் நீர்மின்சாரம். பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கச் சுழற்சியைச் சமன்செய்வதும் நீண்டகால வளர்ச்சியும் வேறு வேறு கணக்கு. பட்ஜெட்டைப் படிப்பவர், அறிவித்த மூலதனச் செலவோடு நிற்காமல், அதே ஆண்டின் திருத்த மதிப்பீட்டையும் பிறகு வெளியாகும் இறுதிக் கணக்கையும் ஒப்பிட்டால், எந்தக் கணக்கில் எவ்வளவு நிஜமாகச் செலவானது என்பது தெரியும்.