நியமனக் கடிதத்துக்கு முன்னர் எழுதப்பட வேண்டிய கோப்பு

யாழ்ப்பாணத்திலுள்ள நிதி நிறுவனக் கிளைகளுக்கு இணக்கப்பாட்டு ஆலோசனை, அதாவது சட்டத்துக்கும் விதிகளுக்கும் இணங்க நடப்பது பற்றிய ஆலோசனை, சொல்வது என் தொழில். ஸ்ரான்லி வீதியிலிருந்தோ சுன்னாகத்திலிருந்தோ நெல்லியடியிலிருந்தோ வரும் அழைப்புகளில் ஒரு கேள்வி பெரும்பாலும் பிந்தியே வருகிறது. "இவர் முன்னர் வேலை செய்த இடத்தில் காசுப் பிரச்சினை ஒன்று இருந்ததாம். வைத்திருக்கலாமா, சேர்?"

அந்த நேரத்தில் நியமனக் கடிதம் கையெழுத்தாகி, அவர் கருமபீடத்தில் வைப்பாளர்களின் காசை எண்ணத் தொடங்கியிருப்பார். முன்னரே கேட்டிருந்தால் என் பதில் பல வேளைகளில் "ஆம், ஆனால் இன்னின்ன நிபந்தனைகளோடு" என்றே இருந்திருக்கும். அந்த நிபந்தனைகள் நியமனத்துக்கு முன்னர் தாளில் இருக்க வேண்டும். பின்னர் எழுதப்படும் எந்தக் குறிப்பும் விசாரணையில் சாட்டாகவே பார்க்கப்படும்.

இலங்கைச் சட்டம் மேல்மட்டத்தை இறுக்கமாகவே பிடித்து வைத்திருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 42 ஆம் பிரிவு, வங்கியொன்றின் பணிப்பாளருக்கு இருக்க வேண்டிய தகுதியையும் பொருத்தப்பாட்டையும் சொல்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், மோசடி அல்லது நேர்மையீனம் பற்றிய குற்றச்சாட்டு அறிவிக்கப்பட்டு விசாரணைக்கு உட்பட்டிருப்பவர், வங்குரோத்து நிலையிலிருந்து விடுவிக்கப்படாதவர் போன்றோர் அங்கே தடைப்படுகிறார்கள். நிதிக் கம்பனிகள் 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கும் பணிப்பாளர்களும் பிரதம நிறைவேற்று அதிகாரியும் முக்கிய பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளும் பிரகடனங்களோடும் சத்தியக் கடதாசியோடும் மத்திய வங்கியின் மதிப்பீட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

இத்தனையும் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் வேலை. நெல்லியடிக் கிளையின் காசாளரும், வீடு வீடாகத் தவணைப் பணம் சேர்க்கும் கள உத்தியோகத்தரும் வழக்கமாக இந்த மதிப்பீட்டுக்குள் வருவதில்லை. ஊர்களிலுள்ள சிக்கன கடனுதவி கூட்டுறவுச் சங்கங்கள் கூட்டுறவுத் திணைக்களத்தின் கீழ் இருப்பவை. மத்திய வங்கியின் உரிமம் அவற்றுக்குத் தேவையில்லை. ஆனால் பணத்தைக் கையால் தொடுபவர்கள் இவர்கள்தாம். வயோதிபத் தாய் ஒருவர் கனடாவிலிருந்து மகன் அனுப்பிய காசை நிலையான வைப்பில் இடும்போது பணிப்பாளர் சபையை நம்பி இடுவதில்லை. கருமபீடத்தில் இருக்கும் தெரிந்த முகத்தை நம்பித்தான் இடுகிறார். சட்டம் கேட்கவில்லை என்பதற்காக இந்த இடத்தில் கோப்பில்லாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனங்களின் ஒழுங்கைப் பார்க்கச் சொல்வேன். அங்கே 1934 ஆம் ஆண்டின் பிணையங்கள் பரிவர்த்தனைச் சட்டம் தரகு நிறுவனங்களில் வேலை செய்ய யார் யார் தகுதியிழந்தவர்கள் என்று வரையறுக்கிறது. பாரிய குற்றமொன்றுக்குத் தண்டனைத் தீர்ப்புப் பெற்றவர் தீர்ப்பிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு அந்த வரையறைக்குள் இருப்பார். அப்படிப்பட்டவரை வைத்திருக்க விரும்பும் நிறுவனம், தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பிடம் எம்.சி.-400 என்னும் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். விண்ணப்பிப்பது நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். அந்த நபர் தனியாக விண்ணப்பிக்க முடியாது. முன்னர் என்ன நடந்தது, இப்போது அவருக்கு என்ன வேலை, அவரை யார் மேற்பார்வை செய்வார், அந்த மேற்பார்வையாளரின் சொந்தப் பதிவு சுத்தமானதா என்பதெல்லாம் அதில் ஆராயப்படும். சாதாரண மேற்பார்வை போதாது. அவருக்கென்றே எழுதப்பட்ட, இறுக்கமான மேற்பார்வைத் திட்டம் வேண்டும். புதிதாகச் சேரவிருப்பவர் அனுமதி கிடைக்கும்வரை எந்தப் பொறுப்பிலும் அமர முடியாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் தகுதியிழந்தால் அவரது யு-4 பதிவுப் படிவத்தைப் பத்து நாட்களுக்குள் திருத்த வேண்டும்.

இந்த ஒழுங்கில் எனக்குப் பிடித்தது அதன் கடுமை அல்ல. தவறு செய்தவருக்குத் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது, அந்த வழி வெளிச்சத்தில் இருக்கிறது. நம்மிடம் நடப்பது இதற்கு மாறானது: ஒன்று, தெரிந்தவரின் சிபாரிசில் வாய்மூடி எடுத்துவிடுகிறோம், அல்லது, ஊர்க்கதை கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம்.

சில கிளைகள் கிராம அலுவலரின் நற்சான்றிதழையும் பொலிஸ் அறிக்கையையும் வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கின்றன. முன்னைய நிறுவனத்துக்குள் நடந்த ஒழுக்காற்று விசாரணை இவை இரண்டிலும் வராது. கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையும் அவரது கடன்களைத்தான் காட்டும். ஆகவே விண்ணப்பதாரரிடமே நேரடியாகக் கேட்டு, அவர் கையெழுத்தோடு பதில் வாங்க வேண்டும். அந்தப் பிரகடனம் தமிழில் இருக்க வேண்டும். பல கிளைகளில் தலைமை அலுவலகம் அனுப்பிய ஆங்கிலப் படிவத்தில் "இந்த இடத்தில் சைன் வையுங்கோ" என்று விரலால் காட்டுவதை நேரில் பார்த்திருக்கிறேன். வாசிக்காமல் வைத்த கையெழுத்து பின்னர் பொய்ப் பிரகடனமாக அவர் கழுத்தைப் பிடிக்கும்; உண்மையைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே கொடுக்கப்பட்டிருக்காது.

கேள்விகளை எழுதும்போது எங்கள் மண்ணின் கதையை மறக்கக் கூடாது. "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டு, குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமல் வெளியே வந்தவர்கள் இங்கே எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார்கள். அந்தக் கைதுக்கும் காசாளர் வேலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மேற்சொன்ன அமெரிக்க ஒழுங்கிலும் பாரிய குற்றச்சாட்டு சுமத்தப்பட்டிருந்தால் தெரிவிக்க வேண்டும். ஆனால் குற்றச்சாட்டு மட்டும் ஒருவரைத் தகுதியிழக்கச் செய்வதில்லை. தண்டனைத் தீர்ப்பு, நிதி சார்ந்த நேர்மையீனம் பற்றிய விசாரணை, ஒழுக்காற்று நீக்கம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். பாதுகாப்புத் தரப்பின் கைகளில் ஏற்கெனவே ஆண்டுகளை இழந்த ஒருவரிடமிருந்து வேலையையும் பறிக்கும் கருவியாக நமது படிவம் இருக்கக் கூடாது.

பதில் "ஆம், விசாரணை நடந்தது" என்று வந்தால் அதோடு அவரை அனுப்பிவிட வேண்டியதில்லை. முகாமையாளர் சம்பவத்தை விளங்கிக்கொண்டு, அதற்கான ஆவணங்களைப் பெற்று, தலைமை அலுவலக இணக்கப்பாட்டு அதிகாரியின் எழுத்துமூல முடிவைக் கேட்க வேண்டும். எடுப்பதென்று முடிவானால் பெட்டகத் திறப்பு அவரிடம் தனியாகப் போகாது, பற்றுச்சீட்டுப் புத்தகம் தினமும் ஒப்பிடப்படும், குறித்த மேற்பார்வையாளர் மாதந்தோறும் கையெழுத்திடுவார் என்பன போன்ற நிபந்தனைகள் அவருக்கும் தெரியக்கூடியதாக எழுதப்பட வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பணத்தில் கைவைத்தவரை விலகல் கடிதம் எழுத வைத்து, "தனிப்பட்ட காரணங்களுக்காக விலகினார், நன்னடத்தை உள்ளவர்" என்று சேவைச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் நிறுவனங்கள் இங்கே உண்டு. பெயர் கெடாமல் தப்பினோம் என்று அவை ஆறுதலடைகின்றன. அடுத்த வீதியிலுள்ள நிறுவனம் அந்தச் சான்றிதழை நம்பி அவரிடம் திறப்பைக் கொடுக்கிறது. அமெரிக்கத் தரகு நிறுவனமொன்று ஊழியர் விலகி 30 நாட்களுக்குள் யு-5 படிவத்தில் விலகலின் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். நமக்கு அப்படியொரு பொதுப் பதிவேடு இல்லை. ஆகவே மனிதவளப் பகுதியில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: விசாரணையில் கண்டறிந்ததை எழுத முடியாவிட்டால் சேவைக் காலத்தையும் பதவியையும் மட்டும் எழுதுங்கள். நன்னடத்தை என்ற வரியை விட்டுவிடுங்கள். அடுத்த நிறுவனம் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு விபரம் கேட்டு வந்தால், கோப்பை எடுத்து உண்மையைச் சொல்லுங்கள்.