முள் இறங்கிவிட்டது என்று மகிழாதீர்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏற்றத்தில் நின்றுபோன ஒரு காரைப் போன வாரம் எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்துவந்தார்கள். ஒரே மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது வண்டி இது. மூன்றும் வேறு வேறு இடங்களில் வாட்டர் பம்போ ஹோஸோ மாற்றப்பட்டு, வேலை முடிந்தது என்று திருப்பிக் கொடுக்கப்பட்டு, ஒரு வாரத்துக்குள் கொதித்தவை.

ஓட்டிவந்தவர் அலட்சியக்காரர் இல்லை. அடிவாரம் தாண்டியதுமே வெப்ப அளவின் முள் வழக்கத்தைவிட மேலே போவதைக் கவனித்திருக்கிறார். ஏசியை அணைத்திருக்கிறார். சில வளைவுகள் ஏறியதும் முள் தானாகவே இறங்கிவிட்டது. “சரியாகிவிட்டது என்று நம்பித்தான் அண்ணா தொடர்ந்து ஏறினேன்” என்றார். பின்னிருக்கையில் அவருடைய தாயாரும் இரண்டு பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

அந்த முள் பொய் சொன்னது. வெப்பத்தைச் சொல்லும் சென்சார், என்ஜினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் அதன் கணக்கு சரியாக இருக்கும். நீர் வெளியேறி, சென்சார் காற்றில் தொங்க ஆரம்பித்தால், உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழே கிடக்கலாம். மலையேற்றத்தில் காரணமே இல்லாமல் சட்டென்று விழுகிற முள், ஏறுகிற முள்ளைவிட ஆபத்தானது. ஏறும் முள்ளைக் கண்டால் யாரும் பயந்து நிறுத்துவார்கள். விழும் முள்ளைக் கண்டு நிம்மதியாக மிதிப்பார்கள்.

என்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, நேர்பட்டை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தேன். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக்கூடாது. இதில் 0.20 தகடு தடையில்லாமல் உள்ளே போனது. அலுமினிய ஹெட் இதைத்தான் செய்யும். ஒரே ஒரு முறை கொதித்தால் போதும்.

இத்தனைக்கும் முதலில் மாற்றிய வாட்டர் பம்பில் எந்தக் குறையும் இல்லை. நல்ல பம்ப், நன்றாகவே பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே அடைபட்ட காற்றை மட்டும் வெளியேற்றவில்லை.

கூலன்ட் முழுவதையும் வடித்துவிட்டு மீண்டும் ஊற்றும்போது, என்ஜினின் மேடான இடங்களிலும் ஹீட்டர் குழாயிலும் காற்று தங்கிவிடும். ஏர் லாக் என்று தொழிலில் எல்லோரும் சொல்கிறோம். சொல்கிற எல்லோரும் அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. வாய்வரை நிரம்பிவிட்டது என்று மூடியைத் திருகி, பத்து நிமிடம் ஓடவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டறை வாசலில் நின்று ஓடும் வண்டிக்கு அந்தக் காற்று தொந்தரவு தராது. நான்கு பேரோடு மலையேறும்போதுதான் தரும்.

இதைப் பிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஓர் அளவுக் குவளை போதும். வண்டியின் கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று இருக்கிறது, முழுவதும் வடித்த பிறகு உள்ளே போனது மூன்றரை லிட்டர்தான் என்றால், மிச்சம் ஒன்றரை லிட்டர் எங்கே? என்ஜின் பிளாக்கில் பழையது கொஞ்சம் தங்கியிருக்கும். அதைக் கழித்த பிறகும் கணக்கு இடித்தால் உள்ளே இருப்பது காற்று. நான் வடித்ததையும் அளப்பேன், ஊற்றியதையும் அளப்பேன். பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு முதல் வாரம் கொடுக்கும் வேலையே இதுதான்.

இனி, என்னைப் பொறுமை இழக்கவைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பம்ப் மாற்றிய மறுநாளே இந்த வண்டி லேசாகச் சூடு காட்டியிருக்கிறது. திரும்பக் கொண்டுபோனபோது, “நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?” என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். 25 ஆண்டுகளாக இதே வாக்கியத்தைக் கேட்கிறேன். தெர்மோஸ்டாட் என்பது குளிர்நாட்டுக்காரர்களின் ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரோடிப்போயிருக்கிறது.

சேலத்து மே மாத வெயில் 40 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். என்ஜின் ஒழுங்காக வேலை செய்ய விரும்பும் வெப்பம் ஏறக்குறைய 90 டிகிரி. அப்படியானால் நமக்குக் கொளுத்துகிற வெயில்கூட என்ஜினுக்குக் குளிர்தான். இன்னும் 50 டிகிரி ஏற வேண்டும். தெர்மோஸ்டாட் எதையும் சூடாக்குவதில்லை. அது, சூடான கூலன்ட் ஆறுவதற்காக ரேடியேட்டருக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு கதவு. 82 அல்லது 88 டிகிரியில், அதன் மேல் பொறித்திருக்கும் அளவில், திறக்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுவதும் திறந்துவிடும். திறந்து நிற்கும் கதவு எப்படி என்ஜினைக் கொதிக்க வைக்கும்? சிக்கிக்கொண்டு திறக்காத தெர்மோஸ்டாட் கொதிக்க வைக்கும், உண்மைதான். அப்போது புதியது போட வேண்டும். கதவு இறுகிவிட்டது என்பதற்காக நிலையோடு பெயர்த்து எறிவார்களா?

சந்தேகமாக இருந்தால் சோதிக்க ஒரு பாத்திரம் தண்ணீரும் ஒரு வெப்பமானியும் போதும். நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சினால் எந்த அளவில் திறக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

கழற்றினால் என்ன நடக்கும்? என்ஜின் முழு வெப்பத்துக்கு வரத் தாமதமாகும். அது இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்துக் கட்டுப்பாட்டுக் கணினி கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். மைலேஜ் விழும், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலக்கும். இவை மெல்லக் கொல்பவை. இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. முன்கதவு திறக்கும்போது அந்தத் தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் நீரை என்ஜினுக்கே திருப்பிவிடும் குறுக்குவழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அந்தக் குறுக்குவழி நிரந்தரமாகத் திறந்துவிடும். சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதுதான் ஏற்றத்தில் சூட்டைக் கூட்டுகிறது. நம் மலைப்பாதைகளில் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

தெர்மோஸ்டாட்டுக்காக வாதாடுகிறவர்களும் சில நேரம் தவறான காரணத்தைச் சொல்கிறார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது என்பார்கள். சுற்றிச் சுற்றி வரும் நீர் அது. ரேடியேட்டரில் தங்கும் நேரம் குறைந்தால் என்ஜினில் தங்கும் நேரமும்தான் குறைகிறது. அந்த வாதம் நிற்காது.

தொழில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பல தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் இருக்கும். ஊற்றும்போது காற்று வெளியேற வைத்த வழி அது. கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை அது மேல்பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்திவிட்டு, ஏர் லாக் போகவே மாட்டேன் என்கிறது என்று என்னைத் தொலைபேசியில் அழைக்காதீர்கள்.

காற்றை எடுப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை, பொறுமைதான். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். வண்டியின் மூக்கு சற்று மேடான பக்கம் இருக்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். நம் ஊரில் யாரும் தொடாத அந்தக் குமிழுக்கு இங்கே வேலை இருக்கிறது. காற்று எடுக்கும் திருகு இருக்கும் வண்டியானால், குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும்வரை அதைத் திறந்து வைக்க வேண்டும். மெல்ல ஊற்றி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிசைந்துகொடுங்கள். நிரப்பி முடித்து ஓடவிட்டால், ஒரு கட்டத்தில் மேல் ஹோஸ் சட்டென்று சுடும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு ரேடியேட்டர் ஃபேன் குறைந்தது இரண்டு முறையாவது தானாக ஓடி நிற்க வேண்டும். ஹீட்டரில் வெந்நீராவி போன்ற சூடான காற்று வர வேண்டும். என்ஜின் கொதிக்கிற நேரத்தில் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, அல்லது கூலன்ட் போதவில்லை. பிறகு முழுவதும் ஆறவிட்டு மட்டம் பார்த்து ஊற்ற வேண்டும். இதற்கு அரை நாள் பிடிக்கும். வாடிக்கையாளர் அவசரப்பட்டால் அவசரப்படட்டும்.

காற்று போன பிறகும் கொதித்தால், கழற்றி மாட்டிய இடங்களை முதலில் பாருங்கள். ஃபேன் மோட்டாரின் இரண்டு வயர்களும் மாறியிருந்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். சுற்றுகிறதே என்று விட்டுவிடுவோம். ஒரு காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தால், ஃபேன் பின்னால் இருக்கும் வண்டியில் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூட்டைத் தேவையில்லை என்று மூலையில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடி அந்த வண்டிக்கு உரியதுதானா? 1.1 பார் அழுத்தம் தாங்க வேண்டிய இடத்தில் 0.9 மூடி போட்டால், கூலன்ட் முன்னதாகவே கொதித்து வெளியேறும். காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் அதுவும் பெரும்பாலும் மூடியின் குற்றம்தான்.

இவை எல்லாம் சரி, ஆனால் குளிர்ந்த என்ஜினை ஓட்டிய ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகுகிறது, குமிழிகள் நிற்கவே இல்லை என்றால், ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். என்ஜினில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறதா என்று காட்டும் நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறது. கசிவு இருந்தால் மஞ்சளாக மாறும். ஹெட்டை இறக்கச் சொல்வதற்கு முன் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மஞ்சள் தூள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டும் பழக்கம் லாரிக்காரர்களிடமிருந்து கார்க்காரர்களுக்கும் வந்திருக்கிறது. நடுக்காட்டில் உயிர் தப்ப ஒரு முறை செய்தீர்கள் என்றால் நான் குறை சொல்லவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் கழுவ வேண்டாமா? ஓட்டையை அடைக்கிற தூள், மெல்லிய குழாய்களை மட்டும் விட்டுவைக்குமா? ஆழ்துளைக் கிணற்று நீரும் வேண்டாம். அதைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பு ரேடியேட்டரிலும் படியும். செறிவான கூலன்ட் வாங்கினால் கனிமம் நீக்கிய நீரோடு கலக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து இரண்டு வகைகளை ஒன்றாக ஊற்றாதீர்கள். நிறம் எந்த உத்தரவாதமும் இல்லை.

வடித்த கூலன்ட்டைக் குளிர்பானப் பாட்டிலில் பிடித்து வைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தை அழிக்கும். குழந்தைக்கும் தெருநாய்க்கும் அது விஷம் என்று தெரியாது.

சூடான என்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள். துணி சுற்றித் திறக்கலாம், கொஞ்சமாகத் திறக்கலாம் என்றெல்லாம் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், ஹெட்டில் வெடிப்பு விழலாம். முள் ஏறினாலும் திடீரென்று விழுந்தாலும் ஓரமாக நிறுத்தி, அணைத்து, ஆறும்வரை காத்திருங்கள். மலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதால் எதுவும் குடிமுழுகிவிடாது.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், ஃபேன் எத்தனை முறை ஓடியது, தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், கூலன்ட் ரிசர்வ் டேங்கின் மட்டத்தைப் பாருங்கள். அதற்கடுத்த காலையும் பாருங்கள். கொஞ்சம் குறைந்து அங்கேயே நின்றுவிட்டால், மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கிறது. அளவுக் கோடுவரை ஊற்றுங்கள். தினமும் குறைந்துகொண்டே போனால், மலைக்கு மட்டும் கிளம்பாதீர்கள்.