ஸ்டீராய்டு பயத்தில் பாதி மருந்தை விடுகிறவர்களுக்கு

"ஸ்டீராய்டு வேண்டாம் டாக்டர், மூச்சை விரிக்கிற மருந்து மட்டும் எழுதுங்க." இப்படிக் கேட்கிற ஆஸ்துமாக்காரர்களிடம் பேசிப் புரியவைத்துவிடலாம். கேட்காமல் தாங்களாகவே கடையில் ஸ்டீராய்டு இல்லாத இன்ஹேலராக மாற்றி வாங்கி, கடைசியில் ஐசியுவுக்கு வருகிறார்களே, அவர்களை என்ன செய்வது?

சால்மெடெரால், ஃபார்மோடெரால் இரண்டும் மூச்சுக்குழாயைச் சுமார் 12 மணி நேரம் திறந்து வைக்கும். உள்ளே உள்ள வீக்கத்தைத் தொடாது, அதைக் குறைப்பது ஸ்டீராய்டுதான். இழுப்பு அடங்கியதும் நோய் போய்விட்டதென நினைக்கிறீர்கள். வீக்கம் பாட்டுக்கு ஏறுகிறது. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் சால்மெடெரால் எடுத்த சுமார் 13,000 பேரில் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் 13 பேர். மருந்தில்லா இன்ஹேலர் எடுத்த அதே எண்ணிக்கையினரில் 3 பேர். இரு பக்கமும் பாதிக்கு மேற்பட்டோர் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்காதவர்கள்.

சரி, அந்த ஸ்டீராய்டு எவ்வளவு? இன்ஹேலரில் வரும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம், காலை ஒன்று இரவு ஒன்று என்றால் நாளுக்கு 400. திணறி வந்தபின் நாங்கள் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பெரும்பாலும் நாளுக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் ஒரே வீரியமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னது நுரையீரலோடு பெரும்பாலும் நின்றுவிடும். பின்னது உடம்பெல்லாம் சுற்றும். சீட்டில்லாமல் வாங்கும் "வீசிங் மாத்திரை"ப் பொட்டலத்திலும் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. அதற்கு யாரும் பயப்படக் காணோம்!

பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையால் வரும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) வேறு கதை. அங்கே டையோட்ரோபியம் போன்ற 24 மணி நேர மருந்தைத் தனியாகவே தருவோம். ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவைப்படாது. அதனால் தாத்தாவின் இன்ஹேலரைப் பேரன் கடன் வாங்கக் கூடாது. தாத்தாவுக்குக் கண் அழுத்தமோ, புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைப்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்ஹேலர் கருவியில் போடும் பொடி கேப்ஸ்யூலை விழுங்காதீர்கள் (இன்னமும் விழுங்குகிறார்கள்). கருவியில் போட்டு உடைத்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு, வேகமாக ஆழமாக இழுங்கள். கருவிக்குள் ஊதினால் பொடி ஈரமாகிக் கட்டிவிடும். கேப்ஸ்யூலில் மிச்சம் தெரிந்தால் மறுபடி இழுங்கள். அழுத்தினால் மருந்தைப் பீய்ச்சும் பம்ப் என்றால் நேர்மாறு: குலுக்கி, அழுத்தி, மெதுவாக இழுங்கள். எதுவானாலும் 10 விநாடி மூச்சை அடக்குங்கள். பம்பில் பொருத்தும் குடுவையான ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு கலந்ததை எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரலாம்.

திடீர்த் திணறலுக்குச் சால்மெடெராலை நம்பாதீர்கள், அது வேலை செய்யவே 10, 20 நிமிடம் ஆகும். அவசரத்துக்கு எந்த இன்ஹேலர் என்று டாக்டரிடம் கேட்டு, அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், அதை எடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.