போல் டான்ஸ்: துருவமா, தூணா, கம்பமா?

போல் டான்ஸ், அதாவது நட்டு வச்ச கம்பத்தைப் புடிச்சு ஏறி, தொங்கி, சுத்தி ஆடறது, அந்தக் கிளாஸ்ல சேந்து நாலு வாரம் ஆச்சு, உள்ளங்கை காய்ச்சுப் போச்சு, தொடை ரெண்டும் கன்னிப்போய் நீலமா கெடக்கு, இத்தனைக்கும் நடுவுல மண்டைய அரிச்சுட்டே இருந்தது ஒரு கேள்விதான், இதுக்குத் தமிழ்ல என்ன பேரு? மொழிபெயர்க்கற ஆப்ல போட்டுப் பாத்தேன், "துருவ நடனம்"னு வந்துச்சு. வடதுருவம் தென்துருவம்னு படிச்சோமே அந்தத் துருவமேதான். பென்குயின் டான்ஸ் போலன்னு சிரிச்சுட்டு மூடிட்டேன். ஆனா அப்புறம் உக்காந்து தோண்டிப் பாத்தா அந்த ஆப் பண்ண தப்பு அவ்வளவு மட்டமான தப்பு இல்லன்னு தெரிஞ்சுது, அதுக்கு கடைசில வரேன்.

இங்கிலீஷ்ல போல்னு எழுதுற சொல் ரெண்டு இருக்கு, ஸ்பெல்லிங் ஒண்ணு, வேர் வேற வேற. பூமியோட துருவத்தைக் குறிக்கற போல், கிரேக்க மொழியில போலோஸ்னு இருந்து லத்தீன் வழியா வந்தது, அதுக்கு அர்த்தம் சுழலச்சு, அதாவது எதை மையமா வச்சு எல்லாம் சுத்துதோ அது. நாம புடிச்சுத் தொங்கற போல் வேற. அது லத்தீன்ல பாலுஸ், தரையில அடிச்சு நட்ட முளைக்கம்பு. பழைய ஆங்கிலத்துலயே பால்னு உள்ள வந்து ஒலி மாறி போல் ஆயிடுச்சு. இதே பாலுஸ்லேந்துதான் இம்பேல்ங்கற வினையும் வந்துச்சு, தமிழ்ல சொன்னா கழுவேத்தறது. போல் சிட்னு ஒண்ணு சொல்லித் தருவாங்க, கையை விட்டுட்டு ரெண்டு தொடைக்கும் நடுவுல கம்பத்தை இறுக்கிட்டு அந்தரத்துல உக்காரணும், மொத வாட்டி உக்காந்தப்ப இது கழுமரத்தோட சொந்தக்காரன்தான்னு எனக்கு எந்த அகராதியும் சொல்ல வேண்டியிருக்கல.

சரி தமிழுக்கு வருவோம். நீளமா நிக்கற சாமானுக்கு நம்ம கிட்ட சொல்லுக்கா பஞ்சம், கம்பு, கழி, கோல், கழை, தூண், கம்பம். இதுல கம்பும் கழியும் கோலும் கையில எடுத்து சுத்தறது, நாம அதை சுத்தணும், இங்க அது நிக்க நாமதான் சுத்தறோம், அதனால ஆகாது. "கம்பாட்டம்"னு சொன்னா கேக்கறவங்க சிலம்பம்னு நெனச்சுப்பாங்க. சில பேர் "தூண் நடனம்"னு எழுதறாங்க, எனக்கு ஒட்டல. தூண்னா மேல இருக்கற பாரத்தை தாங்கணும், கட்டிப்புடிக்கற அளவுக்கு பெருத்து இருக்கும். போட்டிக்கு வைக்கற போலோட விட்டம் பொதுவா 45 மில்லிமீட்டர், விரல் சுத்திப் பிடிக்கற அளவு, அதை தூண்னு கூப்பிட்டா தூணுக்கே கூச்சமா இருக்கும்.

மிச்சம் இருக்கறது கம்பம். கொடிக்கம்பம், விளக்குக் கம்பம், நட்டு வச்சு நிக்கறதுக்கு எல்லாம் அதான் பேரு, கரெக்டா பொருந்துது. இந்த சொல் வடமொழி ஸ்கம்பத்துலேந்து பிராகிருதம் வழியா வந்ததுன்னு ஒரு கட்சி, நம்ம கம்புலேந்தே வளந்ததுன்னு இன்னொரு கட்சி, அந்த சண்டைக்குள்ள நான் போகல. எனக்குப் புடிச்சது இன்னொரு விஷயம், கம்பம்னு நடுக்கத்தைக் குறிக்கற வேற ஒரு சொல்லும் தமிழ்ல புழங்குது, பூகம்பத்துல வருதே அது. இங்கிலீஷ்ல ரெண்டு போல் ஒரே ஸ்பெல்லிங்ல வந்து நின்ன மாதிரியே இங்கயும் ரெண்டு கம்பம். புதுசா சேந்தவங்க மொத மாசம் பண்றதுல ரெண்டு கம்பமும் சேந்தே இருக்கும், ஏறினதும் முழங்கை அப்படி ஆடும்.

அப்போ மல்லர் கம்பம்னே சொல்லிடலாமேன்னு யாராவது கேப்பாங்க. மராத்தியில மல்லகாம்ப், மல்லன்னா மல்யுத்தக்காரன், காம்ப்னா கம்பம். 12ம் நூற்றாண்டுல சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதின மானசோல்லாசத்துலயே மல்லர்களோட கம்பப் பயிற்சி பத்தி இருக்கு, பின்னாடி பேஷ்வா காலத்துல பாலம்பட்ட தாதா தேவதர் அதை திரும்ப உயிர் குடுத்து எழுப்பினார். பாட்டன் முறைன்னு வேணா சொல்லிக்கலாம், ஆனா ஆள் வேற. அது மரம், அடி பெருத்து நுனி சிறுத்து மேல ஒரு குமிழோட இருக்கும், உரசல் குறையறதுக்கு விளக்கெண்ணெய் தடவுவாங்க. நம்மளது குரோம், ஸ்டீல் இல்ல பித்தளைக் குழாய், எண்ணெய் பட்டா அன்னிக்கு கிளாஸ் காலி. கை கால்ல மாய்ஸ்சரைசர் போட்டுட்டு வந்தா அது வழுக்குமரம்தான், அதனால வகுப்புக்கு முந்தின நாள்லேந்தே போடாதீங்க. ஷார்ட்ஸ் போட சொல்றதும் ஸ்டைலுக்கு இல்ல, தோல்தான் பிரேக், துணி வழுக்கும்.

கழைக்கூத்துன்னு சொல்லலாமான்னும் யோசிச்சேன், அழகான சொல், கழைன்னா மூங்கில். நற்றிணை 95ல "கழை பாடு இரங்க"ன்னு ஆரம்பிச்சு கயித்து மேல நடக்கற ஆடுமகள் வரா, ஆஹா மாட்டிச்சுடான்னு குதிச்சேன், அப்புறம் உரையைப் பாத்தா அங்க கழைன்னா புல்லாங்குழலாம்! கழைக்கூத்துன்னாலே இன்னிக்கும் கயிறு மேல நடக்கறதுதான் கண்ணுக்கு வருது, போலுக்கு ஒத்து வராது.

அடுத்து டான்ஸ். இதை நடனம்னு சொல்றதா ஆட்டம்னு சொல்றதாங்கறது சின்ன விஷயம் மாதிரி தெரியும் ஆனா உள்ள ஒரு பெரிய பஞ்சாயத்து ஓடுது. போல் டான்ஸ்னதும் பலருக்கு வட அமெரிக்க ஸ்ட்ரிப் கிளப்புகள்தான் ஞாபகம் வருது, அது பொய்யும் இல்ல, இன்னிக்கு வகுப்புல சொல்லித்தர பல அசைவும் அந்த உயரமான ஹீல்ஸும் அந்த கிளப் ஆட்டக்காரிங்க கிட்டேந்து வந்ததுதான். அந்தப் பேர் வேண்டாம்னு சில பேர் போல் ஃபிட்னஸ், போல் ஸ்போர்ட்ஸ்னு மாத்திக்கிட்டாங்க, இன்டர்நேஷனல் போல் ஸ்போர்ட்ஸ் ஃபெடரேஷன் 2009ல வந்துச்சு, 2017ல கெய்ஸ்ஃப்ங்கற சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்பு அதுக்கு பார்வையாளர் அந்தஸ்தும் குடுத்துச்சு. விளையாட்டா வளந்தது சந்தோஷம்தான், ஆனா கத்துக்குடுத்தவங்களை மறைக்கறதுக்காக பேரை மாத்தறது எனக்கு உறுத்துது. தமிழ்ல இந்தத் தொல்லையே இல்ல, ஆடுன்னா டான்ஸும் ஆடலாம் மேட்சும் ஆடலாம் ஊஞ்சலும் ஆடலாம், ஆட்டம்னு வச்சா மூணும் அடங்கிடும். அதனால "கம்பத்தாட்டம்"னு முடிச்சிருப்பேன், ஆனா அந்தப் பேர் ஏற்கனவே கோயில்ல நட்ட கம்பத்தை சுத்தி ஆடற ஆட்டத்துக்கு இருக்கு, அது சுத்தி ஆடறது, இது மேல ஏறி ஆடறது, குழப்பம் வேண்டாம். "கம்ப நடனம்"னு வச்சுக்கலாம், சொல்றதுக்கும் சுலபம், கேட்டதும் புரியும். பேச்சுல போல்னுதான் சொல்லப் போறோம், அதுல ஒண்ணும் குத்தமில்ல.

உள்ள இருக்கற அசைவுப் பேர்களை நான் மொழிபெயர்க்கல. ஃபயர்மேன் ஸ்பின்னு ஒண்ணு மொத வகுப்புலயே வரும், தீயணைப்பு நிலையத்துல மாடிலேந்து சறுக்கி இறங்கற கம்பம் உண்டு இல்ல, 1878ல சிகாகோவுல ஆரம்பிச்ச பழக்கம், அந்தப் பேரை மாத்தினா கதையே போயிடும். ஆனா இன்வர்ட்டை தலைகீழ்னு சொன்னா போதும். தோள்பட்டையை காதுகிட்ட ஏத்தாம கீழ இழுத்து வச்சுட்டு ஏறுற அளவுக்கு பலம் வர வரைக்கும் அந்த தலைகீழ் பக்கமே போகாதீங்க, குதிச்சு கால் வீசி கவுந்தா தோள் போயிடும். ரத்தம் கட்டறதுக்கு இங்கிலீஷ்ல போல் ஆடறவங்க போல் கிஸ்னு செல்லமா ஒரு பேர் வச்சிருக்காங்க, நம்ம கிட்ட கன்றுதல்னு சங்கதியை நேரா சொல்ற சொல் இருக்கறப்போ முத்தமெல்லாம் எதுக்கு.

இப்போ அந்தத் துருவம். போல்ல ரெண்டு மோட் உண்டு. ஸ்டாட்டிக்ல கம்பம் அசையாது, நாம அதை சுத்தி வரோம். ஸ்பின்ல கம்பமே நம்மளோட சேந்து சுழலும், உடம்பை உள்ள ஒடுக்கினா வேகம் கூடும், கை காலை விரிச்சா குறையும். துருவம்ங்கற சொல் வடமொழியில த்ருவ, அர்த்தம் அசையாம நிலையா நிக்கறது, துருவ நட்சத்திரத்துக்கு அந்தப் பேர் வந்ததும் அதனாலதான். ஆக துருவ நடனம்னா ஸ்டாட்டிக் போல், போலோஸ்னா சுழலச்சு, அதாவது ஸ்பின் போல்! ஆப் தெரியாம போய் பாதியை சரியா சொல்லிடுச்சு. இதுல நான் எடுத்துக்கிட்டது நிலைக்கம்பம், சுழல்கம்பம். ஒண்ணுலேந்து இன்னொண்ணுக்கு மாத்த அடியில இருக்கற திருகாணியை ஆலன் கீங்கற ஆறுபட்டைச் சாவி போட்டு முறுக்குவாங்க, பாத்தா வித்தியாசமே தெரியாது, முன்னாடி வகுப்புல யாராவது சுழல்ல விட்டுட்டுப் போயிருந்தா நீங்க நிலைன்னு நெனச்சு தாவி ஏறினதும் தலை கிர்ருனு சுத்திடும். அதனால ஏறுறதுக்கு முன்னாடி ஒரு கையால லேசா திருப்பிப் பாத்துக்கோங்க, துருவமா போலோஸான்னு.