வளவுக்குள் விழும் வெயிலும் இரண்டு லட்ச ரூபாய் கிராபிக்ஸ் கார்டும்

சித்தப்பா மகன் தேவகோட்டையில் இருக்கிறான். பழைய செட்டிநாட்டு வீடுகளைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் கட்டிக் காட்டுவது அவன் தொழில். ஹோட்டலாக மாறப்போகிற ஒரு வீடு, பழுது பார்த்து முடித்த பிறகு எப்படி இருக்கும் என்பதை உரிமையாளர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். போன மாதம் போன் செய்தான். "அண்ணே, 5090 வாங்கிரலாம்னு இருக்கேன். இப்ப இருக்குற கார்டு இழுக்க மாட்டேங்குது. வாங்கலாமா?"

அவன் சொன்னது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு. 2025 ஜனவரியில் வந்தது. அமெரிக்காவில் அறிவித்த விலை 1,999 டாலர், இந்தியாவில் 2,14,000 ரூபாய். அவனிடம் இருப்பது 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060. "அவசரப்படாதே, ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டு, காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினேன்.

வாங்கலாமா என்பதற்குப் பதில் சொல்ல, கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். 4கே மானிட்டரில் 3840 பெருக்கல் 2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போட வேண்டும். கம்ப்யூட்டரின் பிராசசர் எந்த வேலையையும் செய்யத் தெரிந்த எட்டு, பத்து மேஸ்திரிகளைப் போல. கிராபிக்ஸ் கார்டில் இருப்பவை ஒரே மாதிரிச் சின்ன வேலையைச் செய்யும் ஆயிரக்கணக்கான கைகள். 3060-இல் 3,584, 5090-இல் 21,760.

செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையை நேரில் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் கலர் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் கோடு கலையாமல் பூ நிற்கும். அதன்மேல் உலர்ந்த மணல் சிமெண்ட் கலவையைத் தூவி, காரை போட்டு மட்டம் தட்டி, அப்புறம் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகத்துக்குத்தான் அந்தப் பளபளப்பு வருகிறது. இதில் ஒரு கல் இன்னொரு கல்லுக்காகக் காத்திருப்பதே இல்லை. ஆள் இருந்தால் நூறு கல்லை ஒரே நேரத்தில் போடலாம். பிக்சல்களும் அப்படித்தான். அதனால்தான் கைகளைக் கூட்டக் கூட்ட வேகம் கூடுகிறது.

ஆனால் இந்தக் கைகள் தனித்தனியாக வேலை செய்பவை அல்ல. என்விடியா கார்டுகளில் 32 கணக்குகள் ஒரு குழு. ஒரே குரலுக்கு 32-ம் அசையும். "நீலம் ஊற்று" என்றால் எல்லோரும் நீலம் ஊற்றுவார்கள். பத்துக் கல்லுக்கு நீலமும் மீதிக்குச் சிவப்பும் வேண்டுமென்றால், முதலில் அந்தப் பத்து. அதுவரை மற்ற 22-ம் சும்மா நிற்கும். கார்டின் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணிக்கை அத்தனையும் நம் வேலைக்கு உதவும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், கலவை. நூறு பேர் உட்கார்ந்திருந்தாலும் சட்டி சுமந்து வருகிற ஆள் ஒருவர்தான் என்றால் என்ன பயன்? கார்டில் அந்த வேலை மெமரியினுடையது. 3060-இல் ஒரு நொடிக்கு 360 ஜிபி தகவல் மெமரியிலிருந்து கைகளுக்குப் போகும். 5090-இல் 1,792 ஜிபி. நான் கேட்டால், அந்தக் கார்டின் உண்மையான பெருமை இந்த எண்தான். இதற்கு முந்தைய உச்சமான 4090-ஐவிட இது 78 சதவீதம் அதிகம்.

மற்ற எண்களை 4090-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கைகள் 16,384-லிருந்து 21,760: 33 சதவீதம் கூடுதல். மின்சாரம் 450 வாட்டிலிருந்து 575: 28 சதவீதம் கூடுதல். டாலர் விலை 1,599-லிருந்து 1,999: 25 சதவீதம் கூடுதல். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டு சிப்புகளுமே தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஒரே தலைமுறைத் தயாரிப்பு முறையில் வந்தவை, டிரான்சிஸ்டர் சிறிதாகவில்லை. அதனால் சிப்பையே பெரிதாக்கினார்கள், 608 சதுர மில்லிமீட்டரிலிருந்து 750-க்கு. முன்பெல்லாம் டிரான்சிஸ்டர் சிறிதாகும்போது அதற்கான வோல்டேஜும் சேர்ந்து இறங்கும். அதே மின்சாரத்தில் கூடுதல் வேலை இலவசமாகக் கிடைத்தது. 2005-ஐ ஒட்டி அந்தக் காலம் முடிந்துவிட்டது. இப்போது கூடுதல் வேலைக்குக் கூடுதல் கரண்ட், கூடுதல் காசு.

சரி, தம்பியின் வேலைக்கு வருவோம். அவன் பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் ஒரு வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டை, உருவாக்கி வைத்திருந்தான். முற்றத்தின் வழியே காலை வெயில் சாய்வாக இறங்கி, தரையின் ஆத்தங்குடிக் கல்லில் பட்டு, அங்கிருந்து தெறித்துப் பர்மா தேக்குத் தூண்களின் அடிப்பாகத்தை லேசாகச் சிவப்பாக்கும். உண்மையான வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சிவப்பு தூணுடையது இல்லை, தரையுடையது. இதைக் கம்ப்யூட்டரில் கொண்டுவர ஒளிக்கதிரைப் பின்தொடர வேண்டும். ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் ஒரு கதிரை உள்ளே அனுப்பி, அது எதில் படுகிறது, எங்கே திரும்புகிறது, கடைசியில் வெயிலுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். 4கே படத்தில் பிக்சலுக்கு ஆயிரம் கதிர் என்றால் 830 கோடி கதிர்கள். ஒவ்வொன்றும் நாலைந்து முறை தெறிக்கும்.

ஒரு கதிர் எந்தப் பொருளில் படும் என்று தேட, வீட்டையே பெட்டிக்குள் பெட்டியாகப் பிரித்து வைக்கிறார்கள். முகப்பு ஒரு பெட்டி, வளவு ஒரு பெட்டி, இரண்டாம் கட்டு ஒரு பெட்டி. கதிர் இரண்டாம் கட்டுப் பெட்டியைத் தொடவே இல்லை என்றால், அங்கே இருக்கிற அண்டா, குண்டான், ஜன்னல் கம்பி எதையும் சோதிக்கத் தேவையில்லை. தொட்டால் மட்டும் உள்ளே போய் அடுத்த சின்னப் பெட்டி. இந்தத் தேடலுக்கென்றே தனிச் சுற்றுகள் 2018-லிருந்து ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் இருக்கின்றன. சுவரில் பட்ட கதிர்கள் திசைக்கு ஒன்றாகச் சிதறிவிடுவதால், நான் மேலே சொன்ன 32 பேர் குழு இங்கேதான் அதிகம் திணறும்.

கதிர்கள் போதவில்லை என்றால் படம் குருணை குருணையாக இருக்கும். கதிரைக் கூட்டினால் குருணை குறையும், ஆனால் எந்த அளவுக்கு? இங்கே கணிதம் கறாரானது. குருணை பாதியாக வேண்டுமென்றால் கதிர்கள் நான்கு மடங்கு வேண்டும். கால்வாசியாக வேண்டுமென்றால் பதினாறு மடங்கு. அப்படியென்றால் இரண்டு மடங்கு வேகமான கார்டு, அதே நேரத்தில் வெறும் 1.4 மடங்கு சுத்தமான படத்தைத்தான் தரும். அதைவிட, குறைந்த கதிர்களில் எடுத்த படத்திலிருந்து குருணையை நீக்கும் டீநாய்ஸர் என்ற மென்பொருள் பெரிய மாற்றத்தைத் தருகிறது. பிளெண்டரோடு இலவசமாகவே வருகிறது. தம்பி ஏற்கெனவே அதைத்தான் பயன்படுத்துகிறான்.

அப்படியும் ஒரு படத்துக்கு 22 நிமிடம் ஆனது. எனக்கு இடித்தது. ரெண்டர் ஓடும்போது, அதாவது கார்டு படத்தைக் கணக்குப் போட்டு வரையும்போது, டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். கார்டின் 12 ஜிபி மெமரி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அதற்குக் கீழே பகிர்ந்த மெமரி என்கிற கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கார்டின் கைகளோ பாதி நேரம் சும்மா.

காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. வீட்டின் ஒவ்வொரு பரப்பையும் அவனே ஆசையாகப் போட்டோ எடுத்து ஒட்டியிருந்தான். ஆத்தங்குடிக் கல்லின் ஒவ்வொரு பூ, நிலைக்கதவின் செதுக்கல், முட்டைவெள்ளை சேர்த்து மெழுகிய சுவர், பித்தளைப் பூண் என்று 52 பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் நிறம், வழவழப்பு, மேடுபள்ளம் முதலான நான்கு படங்கள். ஒவ்வொரு படமும் 4096 பெருக்கல் 4096. பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு படம் 64 எம்பி. 52 பெருக்கல் 4 பெருக்கல் 64: அதுவே 13 ஜிபி. வட்டில் ஜேபெக் கோப்பாக இருக்கும்போது சில எம்பிதான் காட்டும். கார்டுக்குள் போனதும் சுருக்கம் பிரிந்து முழு அளவும் இடம் பிடிக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை.

12 ஜிபி அறையில் 13 ஜிபி சாமான். மிச்சம் கம்ப்யூட்டரின் சாதாரண மெமரிக்குப் போய்விட்டது. அங்கிருந்து கார்டுக்கு வரும் பாதையில் நொடிக்குச் சுமார் 32 ஜிபிதான் வரும். கார்டின் சொந்த மெமரி வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கலவைச் சட்டி தெருவைத் தாண்டி வருகிறது, ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேமரா நெருங்கிப் போகிற எட்டுப் பொருள்களை, தரையும் நிலைக்கதவும் அதில் சேரும், அப்படியே விட்டோம். மற்ற 44-ஐயும் 2048 அளவுக்குக் குறைத்தோம். பக்கம் பாதியானால் பரப்பு கால்வாசி. ஒரு படம் 16 எம்பி. மொத்தமும் 5 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. மறுபடி ரெண்டர் போட்டான். ஆறு நிமிடம். தூணடியில் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது. "அண்ணே, இதுக்கா ரெண்டு லட்சம் குடுக்க இருந்தேன்?" என்றான்.

ஆனாலும் பெரிய கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிற வீடியோ வேலையும் வருகிறது. 30 நொடி வீடியோ, நொடிக்கு 24 படம், மொத்தம் 720. அளவைக் குறைத்து ஒரு படத்துக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் 24 மணி நேரம். நான்கு மடங்கு வேகமான கார்டில் ஆறு மணி நேரம்; இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் கையில் இருக்கும். வாரந்தோறும் இந்த வேலை இருப்பவருக்கு 5090 காசைத் திருப்பித் தரும், சந்தேகமே இல்லை. கேள்விக்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவான பெரிய மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டுபவர்களுக்கும் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு சொல் துண்டுக்கும் மாதிரி முழுவதையும் அல்லது அதன் பெரும் பகுதியை மெமரியிலிருந்து வாசிக்க வேண்டியிருப்பதால், 32 ஜிபி இடமும் 1,792 ஜிபி ஓட்டமும் நேரடியாகப் பலன் தரும்.

விளையாட்டுக்காக வாங்குபவர்களிடம் ஒன்று மட்டும். 50 வரிசைக் கார்டுகள், கணக்குப் போட்டு வரைந்த ஒரு படத்துக்குப் பல படங்களைச் செயற்கை நுண்ணறிவால் இட்டு நிரப்பும். அசைவு வழுவழுப்பாகத் தெரியும், எண்ணும் பெரிதாகத் தெரியும். ஆனால் இடையில் செருகும் படத்தைச் செய்ய அடுத்த உண்மைப் படம் வந்தாக வேண்டும். பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையிலான நேரம் இதனால் குறையாது. பிளெண்டரின் கடைசி ரெண்டருக்கு இதில் ஒரு பயனும் இல்லை.

அப்புறம் நம் ஊர் வெக்கை. 575 வாட் என்பது அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம். மூடிவைத்தால், சுவர் எதையும் உறிஞ்சாது என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கிற சுமார் 46 கிலோ காற்று ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு டிகிரி சூடாகும். பழைய வீட்டின் தடித்த சுவரும் திறந்த முற்றமும் இந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். தம்பி உட்கார்ந்திருப்பதோ மாடியில் புதிதாகப் போட்ட கான்கிரீட் அறை. சித்திரையில் அறையே 40 டிகிரி இருந்தால், 25 டிகிரி ஏசி அறையில் இருப்பதைவிடச் சிப்பும் ஏறத்தாழ 15 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். முதலில் ஃபேன் கத்தும், பிறகு கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு இருமடியாகவும் கூடுகிறது. இரண்டையும் பத்து சதவீதம் குறைத்தால் 0.9-ஐ மூன்று முறை பெருக்கிய கணக்கு: செலவு 27 சதவீதம் இறங்கும், வேகம் பத்துதான் போகும். மென்பொருளில் ஒரு பட்டையை இழுத்தால் முடிந்தது. நம் ஊரில் கோடைக்கு இதைச் செய்யாமல் பெரிய கார்டு ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கரண்ட் பில்லையும் போட்டுப் பார்த்தோம். கம்ப்யூட்டர் முழுவதும் சேர்த்து 750 வாட் என்று வைத்து, தினம் நாலு மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்கு 3 யூனிட், இரண்டு மாத பில்லில் 180. நம் மாநிலத்தில் வீட்டு இணைப்பு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் கட்டணம் ஏறும். சித்தப்பா வீட்டில் ஏற்கெனவே 400-ஐ ஒட்டி வருகிறது.

கடைசியில் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ என்று பேசி வைத்தோம். 16 ஜிபி மெமரி, நொடிக்கு 896 ஜிபி ஓட்டம், 300 வாட், அறிவித்த விலை 80,000 ரூபாய். வீடியோ வேலை இரண்டு கைக்கு வந்த பிறகு வாங்குவதாகச் சொல்லியிருக்கிறான். நேற்று ராத்திரி, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பற்றி மறுபடி போன். "அண்ணே, என்கிட்ட இருக்கறது 550 வாட் எஸ்எம்பிஎஸ். அது தாங்குமா?" தாங்காது, அந்தக் கார்டுக்கு என்விடியா சொல்வது 750 வாட், அதற்கும் சேர்த்துக் காசு எடுத்து வை என்றேன்.