ஒரு நிமிடம்கூட ஆடாதவனுக்கு எப்படிக் காயம்?

போன வாரம் மறுபடியும் அதே கதை. தேசிய கால்பந்து அணியின் முகாமுக்குப் போய்விட்டு வியாழக்கிழமை இரவு திரும்பிய எங்கள் கிளப்பின் விங்கர் (ஓரமாக வேகமாய் ஓடி ஆடும் முன்கள வீரன்), சனிக்கிழமை ஆட்டத்தின் 34வது நிமிடத்தில் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்தசைக் காயம். ஓடிக்கொண்டிருந்தவன் கை சட்டென்று பின்னால் போனால் என்னைப் போன்ற கிளப் பிசியோவுக்கு ஸ்கேன் தேவையில்லை. இந்த சீசனில் எனக்கு இது நாலாவது.

காயத்தைவிட என்னைக் கடுப்பேற்றியது, முந்தைய நாள் கூட்டத்தில் கேட்ட பேச்சு. "அங்கே அவன் ஒரு நிமிஷம்கூட ஆடலையே, ஃப்ரெஷ்ஷாத்தான் இருப்பான்."

இதை எத்தனை தடவை சொல்வது? ஆடாதவன் ஃப்ரெஷ் இல்லை. முழு வேகத்தில் ஓடிப் பழகிய தசைக்கு அந்த வேகம் வாரம் ஒரு முறையாவது கிடைக்க வேண்டும். முகாமில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். திங்கள் வந்து சேர்கிறான். செவ்வாய் லேசான பயிற்சி. புதன் மறுநாள் ஆட்டத்துக்கான வியூகம், பாதி நேரம் நின்றுகொண்டே. வியாழன் பெஞ்ச், அதாவது மாற்று வீரனாக வெளியே உட்கார்ந்திருப்பது. வெள்ளி, ஆடியவர்களுக்கு ஓய்வு. ஆடாதவர்களுக்குச் சின்னக் கட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்து. அந்தக் கட்டத்தில் முழு வேகம் எடுக்க இடமே இருக்காது, அதற்குள் கோடு வந்துவிடும். அடுத்த செவ்வாய் மறுபடி பெஞ்ச். அப்புறம் விமானம். ஆக, பத்து நாளில் முழு வேக ஓட்டம் பூஜ்யம். நடுவே இரண்டு நீண்ட பயணம், கெட்டுப்போன தூக்கம். சனிக்கிழமை வந்ததும் "தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் ஓடு" என்று ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறோம். அவன் நம்பி ஓடுகிறான்.

இரண்டு ஆட்டத்திலும் 90 நிமிடம் ஆடியவன் வேறு காரணத்தால் என் மேசைக்கு வருகிறான். அதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். பெஞ்சில் இருந்தவனைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வில், 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயம் 2021-22ல் 24 சதவீதம் ஆகிவிட்டது. ஆட்ட நிமிடத்தை மட்டும் எண்ணினால் இது புரியாது. (போகிற போக்கில் ஒன்று: உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் கிளப் பாதுகாப்புத் திட்டம், நாட்டுக்காகப் போன இடத்தில் அடிபட்டு 28 நாளுக்கு மேல் வெளியே இருந்தால்தான் பணம் தரும். எங்கள் விங்கரோ கிளப் சட்டையில் விழுந்தான். காசும் கிடையாது, கணக்கும் எங்கள் தலையில்.)

சரி, இதற்கும் சர்வதேச ஆட்ட அட்டவணைக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம். தேசிய அணி ஆட்டங்களுக்காகக் கிளப் ஆட்டங்களை நிறுத்தும் இடைவெளிகளால் செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச், ஜூன் என்று சீசனைத் துண்டு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் போக ஒரு பயணம், வர ஒரு பயணம், வேறு பயிற்சியாளர், வேறு பயிற்சி முறை. நான் ஆட்டங்களை எண்ணுவதில்லை, இந்த மாற்றங்களைத்தான் எண்ணுகிறேன். 2026 முதல் செப்டம்பரையும் அக்டோபரையும் சேர்த்து 16 நாள், நாலு ஆட்டம் என்று ஃபிஃபா ஆக்கியிருக்கிறது. கிளப் ஆட்கள் புலம்புகிறார்கள். நான் வரவேற்கிறேன். ஒரு பயணம் குறைகிறது. 16 நாளில் முகாம் பயிற்சியாளர் உருப்படியாக ஒரு பயிற்சி வாரத்தை அமைக்கலாம். ஆனால் நாலு ஆட்டத்துக்கும் அதே பதினொரு பேரை இறக்கினால், செய்த நல்லதெல்லாம் வீண்.

தகுதிச்சுற்றுக்கும் இதே கணக்குதான். 2026 உலகக் கோப்பைக்குத் தென் அமெரிக்காவில் 10 அணிகள், ஆளுக்கு 18 ஆட்டம், மொத்தம் 90. ஆறு அணி நேரடியாக உள்ளே, ஏழாவதுக்கு பிளே-ஆஃப் என்ற கடைசி வாய்ப்பு ஆட்டம். மூன்று அணிகளை வீட்டுக்கு அனுப்ப 90 ஆட்டம்! ஐரோப்பிய அணிகள் 6 அல்லது 8 ஆட்டத்தில் குரூப்பை முடித்துவிட்டன. தென் அமெரிக்கா அந்த 18-ஐ ஒன்பது இடைவெளிகளில் ஆடியது. ஐரோப்பாவில் ஆடும் ஒருவன் ஒன்பது முறை கடல் தாண்டிப் போய், ஒன்பது முறை திரும்ப வேண்டும். நாலு நாலாகச் சேர்த்தால் அதே 18 ஆட்டம் ஐந்து பயணத்தில் முடியும். ஆட்டத்தைக் குறைக்கச் சொன்னால் கேட்க மாட்டார்கள். சொந்த மண்ணில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் வந்து ஆடுவதுதான் சின்னச் சங்கங்களின் வருமானம். அதில் நியாயம் இருக்கிறது. பயணத்தையாவது குறையுங்கள் என்கிறேன்.

ஆசியா ஒரு படி மேலே. கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃபுக்குப் போகவே ஈராக் 20 ஆட்டம் ஆடியது. நான்காம் சுற்றை மட்டும் ஒரு குரூப்பைக் கத்தாரிலும் மற்றதைச் சவுதியிலும் முழுதாக வைத்து நடத்தினார்கள். மருத்துவ ரீதியில் நல்ல யோசனை. ஆனால் நடத்திய இரண்டு நாடுகளுமே தகுதி பெற்றன; புகார் எழாமல் இருக்குமா? ஆடும் அணிகள் எதற்கும் சொந்தமில்லாத பொது நாட்டில் வைத்தால் தீர்ந்தது.

முன்னாள் ஆர்சனல் பயிற்சியாளர் அர்சென் வெங்கர், ஃபிஃபா அதிகாரியாக 2021லேயே தகுதிச்சுற்றை ஓரிரு நீண்ட இடைவெளிகளில் முடித்துவிட்டு வீரர்களுக்குக் கட்டாயமாக 25 நாள் ஓய்வு தரலாம் என்றார். அதை இரண்டு ஆண்டுக்கு ஒரு உலகக் கோப்பை என்ற யோசனையோடு கட்டிக் கொடுத்ததால் எல்லாமே குப்பைக்குப் போனது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

முடிவு தெரிந்த ஆட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 நவம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிராக ஸ்பெயினின் காவிக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. ஸ்பெயின் அதற்கு முன்பே ஐரோப்பியக் கோப்பையான யூரோவுக்குத் தகுதி பெற்றுவிட்டது.

அட்டவணை மாறும்போது மாறட்டும். அதுவரை, தேசிய அணி பிசியோக்களே, ஆட்டம் முடிந்த மறுநாள் பெஞ்சில் இருந்தவர்களை முழு மைதானத்தில் ஓட விடுங்கள். நாலைந்து முழு வேக ஓட்டம் போதும். எவ்வளவு ஓடினான் என்று காட்டும் ஜிபிஎஸ் கணக்கை வீரன் விமானம் ஏறும் முன் கிளப்புக்கு அனுப்புங்கள், அது ஒன்றும் ராணுவ ரகசியம் இல்லை. பயிற்சியாளர்களே, நீண்ட பயணம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் வந்தவனை முதல் பதினொன்றில் போடாதீர்கள். கடைசி 20 நிமிடம் இறக்குங்கள். தம்பிகளே, தொடை இறுக்கமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அணியில் இடம் போய்விடும் என்று பயந்து மறைத்தவர்களைத்தான் நான் ஆறு வாரம் மேசையில் வைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் விங்கருக்கும் ஆறு வாரம்தான். அடுத்த முகாமுக்கான அழைப்பு நேற்றே வந்துவிட்டது. இன்னும் நாலு வாரத்தில் வரச் சொல்கிறார்கள். "போய் பெஞ்சில உட்கார்ந்துட்டு வர்றேனே சார்" என்கிறான்.