சர்வர் என்றால் பெட்டி இல்லை

பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி, 4 ஜிபி ரேமும் இரண்டு ஹார்டு டிஸ்கும் போட்டு, உபுண்டு என்ற இயங்குதளத்தை ஏற்றி, தர்மபுரி வீட்டில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்தேன். குடும்பத்துப் போட்டோ எல்லாம் இதில்தான் இருக்கும், யார் போனிலிருந்தும் பார்க்கலாம், இதுதான் சர்வர் என்றேன். "எந்த ஓட்டல்லப்பா?" என்றார் அம்மா.

சிரித்தேன், ஆனால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. கூப்பிடும்வரை காத்திருப்பது, கேட்டதைக் கொண்டுவந்து தருவது, பத்து மேசையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் திணறுவது, மூன்றும் ஓட்டல் சர்வருக்கும் உண்டு, அந்தப் பெட்டிக்கும் உண்டு.

சொல்லின் வேர் லத்தீன். 'செர்வுஸ்' என்றால் அடிமை. அதிலிருந்து பணிசெய்தல் என்ற பொருளில் ஒரு வினைச்சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கணினிப் பக்கம் பார்த்தால், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டுக்காக 1969-இல் எழுதிய ஐந்தாம் ஆர்எஃப்சி (வலையமைப்பு பற்றிய தொழில்நுட்பக் குறிப்பு) ஆவணத்திலேயே 'சர்வர்-ஹோஸ்ட்', 'யூசர்-ஹோஸ்ட்' என்று, சேவை தரும் கணினி, அதைப் பயன்படுத்தும் கணினி என்ற பிரிவு இருக்கிறது. அதாவது தொடக்கத்திலிருந்தே இது ஒரு வேலையின் பெயர். ஓசூர்க் கம்பெனியில் ஏசி அறைக்குள் இரட்டைப் பவர் சப்ளையோடு ரேக்கில் நிற்பதும் சர்வர், என் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கிடப்பதும் சர்வர். புராஜெக்ட் எடுத்ததும் 'எந்த மெஷின் வாங்கலாம்' என்று ஆரம்பிக்கிறவர்கள், எத்தனை பேர், எதை, எப்போது கேட்கப்போகிறார்கள் என்று முதலில் விசாரித்தால் பாதிச் செலவு மிச்சம்.

சரி, தமிழில்? 'சேவையகம்' பரவலாக இருக்கிறது. எனக்கு ஒட்டவில்லை, அகம் என்றதும் கட்டடம்தான் கண்ணில் வருகிறது, டேட்டா சென்டருக்கு வேண்டுமானால் பொருந்தும். 'வழங்கி' நல்ல சொல். விறகுவெட்டி ஆள், இடிதாங்கி பொருள், இரண்டுக்கும் அதே 'இ' விகுதிதானே? ஆங்கிலத்தில் ஆளுக்கும் கருவிக்கும் ஒரே 'அர்' வருகிற மாதிரி. கூடவே 'வழங்கு' என்பதற்குக் கொடு என்ற பொருளோடு புழக்கத்தில் இரு என்ற பொருளும் உண்டு. ஔவைக்கு நெல்லிக்கனி வழங்கிய அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி, இந்தச் சொல் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை.

அப்புறம் சர்வரிடம் கேட்டு வாங்கும் பக்கமான கிளையன்டுக்கு 'வாங்கி' என்று நானாகச் சொல்லிப் பார்த்தேன். கடன் வாங்கி மாதிரி ஒலிக்கிறது, விட்டுவிட்டேன்.